வெள்ளரிக்காய் சாப்பிட்டால் எடை குறையுமா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன்: குறையாது. வெள்ளரிக்காய் மட்டுமில்லை, முட்டைக்கோஸ், செலரி, காளான், எலுமிச்சைச் சாறு, கிரீன் டீ என்று யார் எதைப் பரிந்துரைத்தாலும் அதைச் சாப்பிட்டதால் எடை குறையாது. அதைச் சாப்பிட்டதால் வேறு எதைச் சாப்பிடாமல் விட்டீர்களோ, அதனால்தான் குறையும். கலோரி குறைந்த உணவின் வேலை அந்தக் காலி இடத்தில் போய் உட்கார்ந்து வயிற்றைச் சமாதானப்படுத்துவது, அவ்வளவே. எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தால் அந்த வேலையை அது ரொம்ப நன்றாகவே செய்யும்.

எனக்கு இது தெரியாமல் இருந்த காலம் உண்டு. ஒரு முறை தீவிரமாகத் தீர்மானம் எடுத்து மூன்று நாள் வெள்ளரி, தக்காளி, லெட்டூஸ் இலை, அப்புறம் மறுபடியும் வெள்ளரி என்று ஓட்டினேன். எடை மெஷின் இரண்டு கிலோ குறைவு என்று காட்டியது, தலைகால் புரியவில்லை. நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்கு, சமையலறை விளக்கைக்கூடப் போடாமல், ஒரு பிஸ்கட் டின்னை நின்றபடியே காலி செய்தேன். அடுத்த வாரத்துக்குள் இரண்டு கிலோவும் திரும்ப வந்துவிட்டது. பின்னால்தான் புரிந்தது, போனதில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை. உடம்பு அவசரச் செலவுக்காக கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைத்திருக்கிறது, அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைத் திடீரென்று வெட்டினால் முதலில் அது கரையும், கூடவே தண்ணீரும் இறங்கும். பழையபடி சாப்பிட்டதும் இரண்டும் திரும்பிவிடும். மூன்றே நாளில் மூன்று கிலோ என்று வருகிற டயட்டுகள் எல்லாம் இந்தத் தண்ணீரைக் காட்டித்தான் பிழைப்பு நடத்துகின்றன.

படிகளுக்குப் போகும் முன் ஒரு சின்னத் தடுப்பு. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையை அள்ளிப் போட்டால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் காய்கறி, பழங்களில் இருக்கும் பொட்டாசியமே பிரச்சினையாகலாம். இவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுகிறவர்களும், சாப்பாட்டோடு முன்பே மனப்போராட்டம் இருந்தவர்களும் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். குழந்தைகளுக்கு இதையெல்லாம் நீங்களாகச் செய்யவே வேண்டாம்.

முதல் படி: 100 கிராமுக்கு எத்தனை என்று பாருங்கள்

கலோரி குறைந்த உணவு என்று தனி ஜாதி எதுவும் கிடையாது. எல்லா உணவிலும் கலோரி இருக்கிறது, அது எவ்வளவு நெருக்கமாக அடைந்து கிடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். இதை ஆற்றல் அடர்த்தி என்பார்கள். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4, தண்ணீரில் பூஜ்யம். அதனால் தண்ணீர் நிறைந்த பொருள் எடைக்கு லேசாகவும், கொழுப்பு நிறைந்த பொருள் கனமாகவும் வந்து நிற்கிறது. (லேபிளில் கிலோகலோரி என்று இருப்பதைத்தான் நாம் பேச்சில் கலோரி என்கிறோம், குழம்ப வேண்டாம்.)

100 கிராமுக்குப் பார்த்தால் வெள்ளரியும் லெட்டூஸும் சுமார் 15 கலோரி, தக்காளி 18, காளான் 22, முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் 25, தர்பூசணி 30, கேரட் 41, ஆப்பிள் 52. வேகவைத்த உருளைக்கிழங்கு 87, வாழைப்பழம் 89. சோறும் பாஸ்தாவும் சமைத்தபின் 130 முதல் 160 வரை. ரொட்டி 265. அதற்கு மேல் ஏறினால் பாதாம் 580-ஐ நெருங்கும், வெண்ணெய் 717, சமையல் எண்ணெய் எதுவானாலும் கிட்டத்தட்ட 900. ஆலிவ், தேங்காய், சூரியகாந்தி என்று பெயர் மாறினாலும் கலோரியில் எல்லாம் ஒன்றுதான்.

உணவின் அடர்த்தி மாறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் திராட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் திராட்சை 100 கிராமில் ஏறக்குறைய 70 கலோரி, அதே பழம் காய்ந்து உலர் திராட்சையானால் 100 கிராமுக்கு 300. சர்க்கரை எதுவும் சேர்க்கவில்லை, தண்ணீர் போயிருக்கிறது. ஒரு கிண்ணம் பச்சைத் திராட்சையைச் சாப்பிட நேரம் பிடிக்கும், உலர் திராட்சையை அதே கலோரிக்கு ஒரு பிடி வாயில் போட்டு, பேச்சு முடிவதற்குள் இன்னொரு பிடிக்குக் கை போயிருக்கும்.

இப்போது எண்ணெய். புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரு நாள் சந்தேகம் வந்து, வாணலியைச் சமையலறைத் தராசின்மேல் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, வழக்கம்போல எண்ணெயை ஊற்றினேன். அளக்கிறேன் என்பதால் கையைச் சுருக்கவில்லை, எப்போதும் ஊற்றும் அந்த ஒரு சுற்று, அப்புறம் ஓரத்தில் இன்னும் கொஞ்சம். தராசு 31 கிராம் காட்டியது. கலோரிக் கணக்கில் ஏறக்குறைய 275. அதில் போட்டது அரை கிலோ காலிஃபிளவர், அதன் கலோரி 125. நான் டயட் சாப்பாடு என்று நினைத்துச் சாப்பிட்டதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எண்ணெய்தான், காய் வெறும் துணைக்கு வந்திருந்தது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதே 120 கலோரிக்கு 800 கிராம் வெள்ளரிக்காய் சாப்பிடலாம். ஒரே உட்காரலில் முடிகிறதா என்று பாருங்கள், தாடை வலிக்கும்.

எண்ணெயை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. கேரட், கீரை, தக்காளியிலுள்ள நிறச்சத்துகளும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவையும் உடம்பில் சேர ஓரளவு கொழுப்பு தேவை, அதனால் துளி எண்ணெயும் இல்லாத சாலட் புத்திசாலித்தனம் ஆகாது. பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள், அது போதும். கத்தரிக்காயும் காளானும் எண்ணெயைப் பஞ்சு மாதிரி குடிக்கும், அவற்றை முதலில் மூடி வைத்துக் கொஞ்சம் தண்ணீரில் வேகவிட்டுக் கடைசியில் எண்ணெய் சேர்த்தால் பாதி எண்ணெயிலேயே வேலை முடியும்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி வையுங்கள்

இது சலிப்பான படி, எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். தாண்டாதீர்கள். ஒரு நோட்டிலோ போனிலோ, வாய்க்குள் போனதை எல்லாம் அப்போதைக்கப்போது எழுதுங்கள், இரவு நினைவிலிருந்து எழுதினால் பாதி மறந்திருக்கும். டீயில் போட்ட சர்க்கரை, சமைக்கும்போது ருசி பார்த்தது, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது, எல்லாம். 1992-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களைத் துல்லியமாக அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது, செய்த உடலுழைப்பையோ 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. மனித நினைவு சாப்பாட்டு விஷயத்தில் அப்படித்தான், என்னுடையதும்.

வார முடிவில் நோட்டைப் புரட்டி, அடிக்கடி வருகிற, அடர்த்தி அதிகமான மூன்றே மூன்று பொருள்களை வட்டமிடுங்கள். உங்கள் எடை பெரும்பாலும் அந்த மூன்றில்தான் இருக்கிறது. பத்துப் பதினைந்தை ஒரேயடியாக மாற்றப் போனால் பத்து நாளில் அலுத்துவிடும்.

மூன்றாம் படி: சேர்க்காதீர்கள், மாற்றுங்கள்

வழக்கமான சாப்பாட்டை அப்படியே சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சாலட் வைத்தால், சாலட்டின் கலோரி மேலே சேரும், குறைய எதுவும் இல்லை. நல்லது சாப்பிட்டோம் என்ற தெம்பில் இன்னொரு கரண்டி மற்றதைப் போட்டுக்கொள்வதும் நடக்கும்.

மாற்றுவது என்றால் எப்படி? ஒரு வேளைக்கு 300 கிராம் சோறோ பாஸ்தாவோ சாப்பிடுகிறீர்கள், 100 கிராமுக்கு 150 கலோரி என்று வைத்துக்கொண்டால் 450. அதை 200 கிராமாக்கி, விட்ட இடத்தில் 200 கிராம் வேகவைத்த காலிஃபிளவரும் கேரட்டும் கலந்து வையுங்கள். இப்போது கணக்கு 300-உம் 60-உம், மொத்தம் 360. தட்டின் எடை 100 கிராம் கூடியிருக்கிறது, கலோரி 90 குறைந்திருக்கிறது. சமைக்கும் எண்ணெயில் உங்கள் பங்குக்கு ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் இன்னொரு 120. ஒரே வேளையில் 210 போயிற்று, பட்டினி கிடக்கவில்லை. தட்டு சின்னதாகத் தெரியாமல் இருப்பது முக்கியம், பாதித் தட்டு காலியாகக் கண்ணில் பட்டால் மனசு உடனே கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடும்.

சாலட் பற்றி ஒரு தகவல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் பல வருடங்களாக இந்த அடர்த்தி விஷயத்தையே ஆராய்ந்திருக்கிறார். 2004-இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பாஸ்தாவுக்கு முன்னால் 300 கிராம் சாலட் கொடுத்தார்கள். 100 கலோரி மட்டுமே இருந்த சாலட்டைச் சாப்பிட்டவர்கள், சாலட் இல்லாதபோது சாப்பிட்டதைவிட மொத்தத்தில் 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அதே அளவு சாலட்டில் கொழுப்புள்ள டிரெஸ்ஸிங்கும் சீஸும் சேர்த்து 400 கலோரி ஆக்கியபோது 17 சதவீதம் அதிகம். இலை அதேதான், மேலே ஊற்றியதுதான் முடிவை மாற்றியது. மயோனைஸ், சீஸ் துருவல், வறுத்த ரொட்டித் துண்டு என்று அடுக்கிவிட்டு அதைச் சாலட் என்று அழைப்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். எலுமிச்சை, வினிகர், மிளகு, உப்பு, கொழுப்பு குறைந்த தயிர், ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், இவற்றுக்குள் ருசியைத் தேடுங்கள். கிடைக்கும்.

நான்காம் படி: எதை முதலில் சாப்பிடுகிறீர்கள்

அதே குழு 2007-இல் சூப்பை வைத்துப் பார்த்தது. சாப்பாட்டுக்கு முன் காய்கறி சூப் குடித்தவர்கள் சூப்பையும் சேர்த்த கணக்கிலேயே சுமார் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அரைத்த சூப்பா, துண்டு போட்ட சூப்பா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2009-இல் ஆப்பிள்: முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் சாறு, மூன்றிலும் ஒரே கலோரி. முழுப் பழத்தை முன்னால் சாப்பிட்டவர்கள்தான் நன்றாகக் குறைத்துச் சாப்பிட்டார்கள், 15 சதவீதம். சாற்றில் நார்ச்சத்தைத் திரும்பக் கலந்து கொடுத்தும் முழுப் பழத்துக்கு ஈடாகவில்லை. மெல்லுவதற்கு அப்படி ஒரு மதிப்பு இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான், உணவுக்குள் இருக்கும் தண்ணீருக்கும் பக்கத்து டம்ளரில் இருக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. 1999-இல் ஒரே பொருள்களை வைத்து, ஒருமுறை கெட்டியான உணவும் ஒரு டம்ளர் தண்ணீரும், இன்னொரு முறை அந்தத் தண்ணீரையே ஊற்றிச் செய்த சூப்பும் கொடுத்தார்கள். சூப்புக்குப் பிறகுதான் சாப்பாடு குறைந்தது. ஆக, வீட்டில் செய்ய வேண்டியது சுலபம்: முக்கியமான உணவில் கை வைக்கும் முன் ஒரு கிண்ணம் தெளிந்த காய்கறி சூப்போ, வெறும் காய்கறியோ, ஒரு பழமோ சாப்பிட்டு முடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மற்றதைப் பரிமாறிக்கொள்ளுங்கள். க்ரீம் ஊற்றிய சூப் இந்தக் கணக்கில் வராது.

ஐந்தாம் படி: காய்கறி மட்டும் போதாது, புரதம் வேண்டும்

என் பிஸ்கட் டின் கதைக்குக் காரணம் இதுதான். வெள்ளரியும் தக்காளியும் வயிற்றை நிரப்பும், ஆனால் ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும், ஏனென்றால் அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும்: முட்டை (ஒன்றில் சுமார் 70 கலோரி), மீன், தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பருப்பு, பயறு, கொழுப்பு குறைந்த தயிர், டோஃபு, உங்களுக்கு எது ஒத்துவருமோ அது. புரதத்துக்கு இன்னொரு லாபம், அதைச் செரிக்கவே உடம்பு அதிலுள்ள ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் வரை செலவழிக்கிறது. மாவுச்சத்துக்கு 5 முதல் 10, கொழுப்புக்கு மூன்றைத் தாண்டாது. எடை குறையும்போது தசை கரையாமல் இருப்பதற்கும் புரதமும் கொஞ்சம் தசைப் பயிற்சியும்தான் காவல்.

செரிமானச் செலவு என்றதும் நெகட்டிவ் கலோரி ஞாபகம் வந்திருக்கும். செலரியைச் செரிக்க ஆகும் செலவு செலரியில் இருப்பதைவிட அதிகம், ஆகவே சாப்பிடச் சாப்பிட இளைக்கலாம் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உலவுகிறது. 100 கிராம் செலரியில் ஏறக்குறைய 15 கலோரி, அதில் பத்தில் ஒரு பங்கு செரிமானத்துக்குப் போனாலும் ஒன்றரைதான். மிச்சம் உடம்பில்தான் சேர்கிறது. அப்படிக் கழித்தல் கணக்கில் போகிற உணவு எதுவும் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கிரீன் டீயும் எலுமிச்சைத் தண்ணீரும் கொழுப்பை உருக்கும் என்பதும் இதே ரகம். சர்க்கரை போட்ட பானத்துக்குப் பதிலாகக் குடித்தால் லாபம், அதற்குமேல் மாயம் எதுவும் இல்லை.

உருளைக்கிழங்குக்கு ஒரு பரிந்துரை செய்தாக வேண்டும், பாவம் அநியாயமாக ஒதுக்கப்பட்டது. 1995-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் குழுவினரும் 38 உணவுகளை, ஒவ்வொன்றிலும் 240 கலோரி அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டதில், வெண்ணெய் நிறைந்த க்ருவாஸான் ரொட்டி 47 வாங்கிக் கடைசியில் நின்றது, முதலிடம் 323 வாங்கிய வேகவைத்த உருளைக்கிழங்குக்கு. ஆரஞ்சும் ஆப்பிளும் 200-ஐ ஒட்டி, மீன் 225. வேகவைத்ததற்குத்தான் இந்தப் பெருமை, எண்ணெயில் பொரித்தால் கதை வேறு. கலோரி எண்ணை மட்டும் பார்த்து உணவைத் தள்ளக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பாதாமும் அப்படித்தான், முழுப் பாதாமை மென்று சாப்பிடும்போது கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது, 2012-இல் அளந்து பார்த்தபோது வழக்கமாகச் சொல்லப்படும் கலோரியில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு உடம்பில் சேரவே இல்லை. அதற்காகப் பாக்கெட்டோடு உட்கார வேண்டாம், கையில் எண்ணி எடுத்துக்கொண்டு பாக்கெட்டை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: லேபிளின் முன்பக்கத்தை நம்பாதீர்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் விவரம். லைட், குறைந்த கலோரி, கொழுப்பு நீக்கியது, சர்க்கரை சேர்க்காதது, ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் வேறு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதல்படி, குறைந்த ஆற்றல் என்று சொல்லிக்கொள்ள, திட உணவானால் 100 கிராமில் 40 கலோரிக்குள், திரவமானால் 100 மில்லியில் 20 கலோரிக்குள் இருக்க வேண்டும். லைட், குறைக்கப்பட்டது என்பதெல்லாம் இன்னொரு பொருளோடு ஒப்பிட்டுச் சொல்வது, குறைந்தது 25 சதவீத வித்தியாசம் இருந்தால் போதும் என்பது கோடெக்ஸ் கணக்கு, நாட்டுக்கு நாடு இது கொஞ்சம் மாறும். 500 கலோரி பிஸ்கட்டில் 25 சதவீதம் குறைத்தால் 375. அப்போதும் அது பிஸ்கட்தான். கொழுப்பை எடுத்த இடத்தில் ருசிக்காகச் சர்க்கரையும் மாவும் வந்து உட்கார்ந்திருப்பதும் சகஜம்.

கடையில் நின்று எல்லாவற்றையும் வாசிக்க நேரமில்லை, நான் பார்ப்பது இரண்டே வரிதான்: 100 கிராமுக்கு எத்தனை கலோரி, ஒரு பரிமாறல் என்று அவர்கள் சொல்வது எத்தனை கிராம். இரண்டாவதில்தான் சூட்சுமம். ஒரு பாக்கெட்டை மூன்று பரிமாறல் என்று எழுதியிருப்பார்கள், அதை மூன்று பேர் பங்கிட்டு யாரும் நான் பார்த்ததில்லை.

தொழிற்சாலையில் பக்குவப்படுத்திய டயட் உணவுகளைவிட வீட்டில் சமைத்த சாதாரண உணவு மேல் என்று நான் நினைப்பதற்குக் காரணமும் உண்டு. 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை ஒரு மாதம் தங்கவைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக, எவ்வளவு வேண்டுமோ சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். பதப்படுத்திய உணவின்போது தினம் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடையும் ஏறியது, மற்றதில் இறங்கியது. வேகமாகச் சாப்பிட்டதும் அந்த உணவைத்தான்.

ஏழாம் படி: குடிப்பவை

சீக்கிரம் சொல்லிவிடலாம். திரவமாகப் போகும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கு வைப்பதில்லை. சர்க்கரை போட்ட குளிர்பானம், பழச்சாறு, பாலும் சர்க்கரையும் நிறைந்த காபி, மது (ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி), இவற்றைக் குறைப்பதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிகச் சுலபமான படி. செயற்கை இனிப்பு போட்ட டயட் பானம் சரியா என்று கேட்பீர்கள். கலோரி இல்லைதான். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், எடைக் கட்டுப்பாட்டுக்காக இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றது, நீண்டகாலத்தில் பலன் தெரியவில்லை என்பது காரணம். (ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது.) தினம் மூன்று சர்க்கரைப் பானம் குடிப்பவர் அதிலிருந்து இறங்கி வர ஒரு படிக்கட்டாகப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து, அங்கேயே குடியிருக்க வேண்டாம்.

எட்டாம் படி: ரொம்பக் கீழே போகாதீர்கள்

ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி இறங்கும், ஆனால் அந்த வேகம் நிலைக்காது, உடம்பு லேசாக ஆக ஆக அதன் செலவும் குறையும். 500-க்கே இந்தப் பலன் என்றால் 1,500 குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரு நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போவதெல்லாம் மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே செய்வது, வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் சேரும் அபாயமும் கூடுகிறது.

பசி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு 1944-45-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய சோதனையைச் சொல்வார்கள். ஆரோக்கியமான 36 இளைஞர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். 24 வாரம் தினம் சுமார் 1,570 கலோரி, உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி என்று, அதோடு நடையும் வேலையும். எடையில் நான்கில் ஒரு பங்கு போனது. கூடவே எரிச்சல், சோர்வு, குளிர், எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்து வாசித்தவர்கள்கூட உண்டு. அந்த 1,570 என்ற எண்ணைக் கவனியுங்கள், இன்றைக்குப் பல டயட் அட்டவணைகள் அதைவிடக் கீழே இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே எண் பொருந்தாதுதான், உயரம், வயது, வேலை எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் இரவு படுக்கையில் சமையல் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

நார்ச்சத்தையும் மெதுவாகக் கூட்டுங்கள். நேற்றுவரை காயே தொடாதவர் இன்று முட்டைக்கோஸ் ஒரு தட்டு சாப்பிட்டால் வயிறு உப்பி, அது சேரவில்லை என்று விட்டுவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றி, தண்ணீரும் போதிய அளவு குடித்தால் வயிறு பழகிவிடும்.

ஒன்பதாம் படி: மெஷினை எப்படிப் பார்ப்பது

காலையில் எழுந்து, கழிவறை போய்விட்டு, எதுவும் சாப்பிடும் முன், ஒரே மெஷின். தினமும் பார்த்துக் குறிக்கலாம், ஆனால் தினத்தின் எண்ணை நம்ப வேண்டாம், ஏழு நாள் சராசரியை அடுத்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிடுங்கள். உப்பு கூடிய ஒரு சாப்பாடு மறுநாளே ஒரு கிலோ ஏற்றிக் காட்டும், அது தண்ணீர். மாதவிடாய்க்கு முன்னும் அப்படி ஏறும். முதல் வாரம் வேகமாக இறங்கினால் துள்ள வேண்டாம், அதுவும் தண்ணீர்தான்.

நான்கு வாரமாகச் சராசரி அசையவே இல்லை என்றால், இன்னும் குறைக்கத் தொடங்கும் முன் பழைய நோட்டைத் திரும்ப எடுத்து மூன்று நாள் மட்டும் மறுபடி அளந்து எழுதுங்கள். முதலில் எண்ணெய், அப்புறம் குடிப்பவை, அப்புறம் கை போகிற போக்கில் வாயில் போடுபவை. எனக்கு இப்படி இரண்டு தடவை நின்றுபோனது. முதல் தடவை எண்ணெய், அந்த 31 கிராம். இரண்டாவது தடவை வேர்க்கடலை டப்பா, வேலை செய்யும் மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை ஸ்டூல் போட்டு ஏறினால் மட்டும் எட்டுகிற மேல்தட்டுக்கு மாற்றினேன், அடுத்த இரண்டு வாரத்தில் முள் நகர ஆரம்பித்தது.